தேடப்படும் மருத்துவர்கள்

1992-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில் ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்களிடையே ஓர் அச்சடித்த தாள் கைமாறியது. கொள்ளைக்காரர்களையும் தப்பியோடிய கைதிகளையும் பிடிப்பதற்காகக் காவல்துறையினர் சுவர்களில் ஒட்டுவார்களே, அதே அமைப்பில் அது இருந்தது. மேலே 'தேடப்படுகிறார்' என்னும் கொட்டை எழுத்துகள். கீழே ஒருவரின் ஒளிப்படம், பெயர், வீட்டுத் தொலைபேசி எண். அவர் கொள்ளைக்காரர் அல்லர். டேவிட் கன் என்னும் மகப்பேறு மருத்துவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டதால் காலைச் சாய்த்து நடப்பவர். அலபாமா, ஜார்ஜியா, ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களிலும் கருக்கலைப்புச் செய்ய முன்வரும் மருத்துவர்கள் மிகச் சிலரே. ஆகவே வாரந்தோறும் நூற்றுக்கணக்கான மைல் தாமே காரோட்டி ஊர் ஊராகச் சென்று வந்தார். 1993 மார்ச் 10 அன்று ஃபுளோரிடாவிலுள்ள பென்சகோலா நகரில், தாம் பணிபுரிந்த நிலையத்துக்கு அவர் வந்திறங்கியபோது, மைக்கேல் கிரிஃபின் என்பவர் அவருடைய முதுகில் மூன்று முறை சுட்டார். கட்டடத்தின் மறுபக்கத்தில் அந்நேரம் எதிர்ப்பாளர்களின் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. கன்னுக்கு வயது 47. கருக்கலைப்புச் செய்ததற்காக அமெரிக்காவில் ஒரு மருத்துவர் கொல்லப்பட்டது அதுவே முதன்முறை.

கருக்கலைப்பு சரியா, தவறா என்னும் வழக்கை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. நேர்மையானவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது வேறொன்று. ஒரு நாட்டில் மேடைப் பேச்சும், சட்டமன்றத்தின் மசோதாவும், துப்பாக்கியின் குழலும் ஒரே ஆளை நோக்கித் திரும்பியது எப்படி? அந்த ஆள் கருவுற்ற பெண் அல்லள். அவளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்.

இதன் வேர் மிகப் பழையது. கருக்கலைப்பைக் குறிப்பிட்ட முதல் அமெரிக்க மாநிலச் சட்டம் 1821-இல் கனெக்டிகட்டில் இயற்றப்பட்டது. வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிந்த பிறகு ஒரு பெண்ணுக்கு நச்சு மருந்து கொடுப்பவரை அச்சட்டம் தண்டித்தது. அதாவது, கொடுத்தவரே குற்றவாளி. குழந்தை அசைவதற்கு முந்திய காலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் இச்சட்டங்களைக் கடுமையாக்கும்படி முன்னின்று கேட்டவர்கள் யார் தெரியுமா? மருத்துவர்களேதாம்! 1847-இல் நிறுவப்பட்ட அமெரிக்க மருத்துவக் கழகம், பாஸ்டன் நகர டாக்டர் ஹொரேஷியோ ஸ்டோரரின் முயற்சியால், 1857 முதல் கருக்கலைப்புக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தியது. கருவின் உயிரைப் பற்றிய அக்கறை அவர்களிடம் இருந்தது; பட்டம் பெறாத மருத்துவச்சிகளையும் நாட்டு வைத்தியர்களையும் தொழிலிலிருந்து விலக்கவேண்டும் என்னும் எண்ணமும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. தாயின் உயிரைக் காக்க வேண்டுமானால் மட்டும் விலக்கு. அதைத் தீர்மானிப்பவர் மருத்துவர். இப்படியாகச் சட்டத்தின் சாவியை மருத்துவர் தம் கையில் வாங்கிக்கொண்டார். அந்தச் சாவியே பின்னாளில் அவருக்கு ஆபத்தாயிற்று.

1873-இல் நடுவண் அரசு காம்ஸ்டாக் சட்டத்தை இயற்றியது. கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் பயன்படும் பொருள்களையும், அவை பற்றிய செய்திகளையும் அஞ்சலில் அனுப்புவது குற்றம் என்றது அது. அச்சட்டத்துக்குப் பெயர் தந்த ஆன்டனி காம்ஸ்டாக், 1878-இல் வாடிக்கையாளர்போல் வேடமிட்டுச் சென்று, நியூயார்க்கில் மேடம் ரெஸ்டல் என்னும் பெயரில் தொழில் நடத்திய பெண்மணியைப் பிடித்துக் கொடுத்தார். வழக்கு விசாரணைக்கு முன்பே அவள் தற்கொலை செய்துகொண்டாள். இந்த அஞ்சல் சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அது மீண்டும் பேச்சில் அடிபடும்.

தடை இருந்தது, கருக்கலைப்பு நிற்கவில்லை. மறைவில் நடந்தது. 1930-இல் ஏறத்தாழ 2,700 பெண்களின் இறப்புக்குக் கருக்கலைப்பே காரணம் என அமெரிக்க அரசின் பதிவேடுகளில் எழுதப்பட்டுள்ளது. பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகள் வந்தபின் எண்ணிக்கை குறைந்தது. எனினும் 1965-இலும் ஏறத்தாழ 200 பெண்கள் இறந்தார்கள். பதிவேட்டில் ஏறாதவை எத்தனையோ. 1967-இல் நியூயார்க்கில் புரொட்டஸ்டன்ட் போதகர்கள், யூத குருமார்கள் 21 பேர் சேர்ந்து, இப்படித் தவிக்கும் பெண்களுக்கு நம்பகமான மருத்துவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஆலோசனைச் சேவையொன்றைத் தொடங்கினார்கள். மதம் ஒரு பக்கம், மருத்துவம் மறுபக்கம் என்று இவ்வரலாற்றை எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

1973 ஜனவரி 22 அன்று ரோ எதிர் வேட் வழக்கில் உச்சநீதிமன்றம் தடைச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. நீதிபதிகள் எழுவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன், ஒருகாலத்தில் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையின் சட்ட ஆலோசகராக இருந்தவர். தீர்ப்பு எழுதுமுன் அம்மருத்துவமனையின் நூலகத்திலேயே பல நாள் அமர்ந்து மருத்துவ வரலாற்றைப் படித்தார். அதனாலோ என்னவோ, அவருடைய தீர்ப்பில் பெண்ணைவிட மருத்துவரே முன்னால் நிற்கிறார். முதல் மூன்று மாதங்களில் முடிவு, சிகிச்சை தரும் மருத்துவரின் தீர்மானத்துக்கு விடப்படவேண்டும் என்பதே அதன் சாரம். உரிமை வழங்கிய தீர்ப்பும் மருத்துவரை நடுவில் நிறுத்தியது.

இங்கே இயற்பியல் சிறிது குறுக்கிடுகிறது. பழைய முறையில் கருப்பையைக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டுவார்கள். குருதிப்போக்கும் காயமும் மிகுதி. 1958-இல் சீன மருத்துவர்கள் வெளியிட்ட உறிஞ்சு முறை, 1960-களின் இறுதியில் அமெரிக்காவுக்கு வந்தது. நாம் உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்கும் அதே தத்துவந்தான். மெல்லிய வளையும் குழலின் ஒரு முனையில் காற்றழுத்தத்தைக் குறைத்தால், மறுமுனையிலுள்ள பொருள் உள்ளே தள்ளப்படுகிறது. வளிமண்டல அழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர் என நாம் அறிவோம். கையால் இயக்கும் ஒரு பெரிய பீச்சாங்குழலே அதில் 600 மில்லிமீட்டருக்கு மேல் குறைத்துவிடும். மின்சாரமும் வேண்டியதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். சட்டப்படி நடக்கும் கருக்கலைப்பில் இறப்பு இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாயிற்று.

நல்ல செய்திதான். ஆனால் இதற்கு எவரும் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. சிகிச்சை எளிதானதும் பெரிய மருத்துவமனைகள் மெல்ல ஒதுங்கிக்கொண்டன. வேலை தனி நிலையங்களுக்குப் போயிற்று. செலவு குறைந்தது. அதே வேளையில் அந்நிலையத்துக்கு ஒரு பெயர்ப்பலகை, ஒரு வாசல், குறிப்பிட்ட நேரத்தில் வந்து போகும் ஒரு மருத்துவர் என்று அடையாளங்கள் அமைந்தன. ஆயிரம் நோயாளிகள் வந்து போகும் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு யாரை மறிப்பது? தனி நிலையத்தின் வாசலில் ஐயமே இல்லை. 1982-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 2,900 இடங்களில் கருக்கலைப்புச் செய்யப்பட்டது. 2005-இல் அது 1,800-க்கும் கீழே இறங்கிவிட்டது. கருக்கலைப்பு நாடுவோர் தொகை குறைந்தது, மருத்துவமனைகள் விலகியது எனக் காரணங்கள் பல. அச்சமும் அவற்றுள் ஒன்று.

தீர்ப்பு வந்த சில ஆண்டுகளுக்குள் அரசியல் திரண்டது. 1975 பிப்ரவரியில் பாஸ்டன் நகர மருத்துவமனையின் டாக்டர் கென்னத் எடலின், சட்டப்படியான கருக்கலைப்புக்காகவே மனிதக்கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். 1976 இறுதியில் மாநில உயர்மட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே 1976-இல் ஹைட் திருத்தம் ஏழைகளின் மருத்துவ நிதியைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைத் தடுத்தது. 1980-இல் குடியரசுக் கட்சியின் ரானல்ட் ரேகன் வெற்றி பெற்றபோது, கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் தம் கோரிக்கை வெள்ளை மாளிகைக்குள் நுழைந்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தும் முயற்சி நாடாளுமன்றத்தில் தோற்றது. நம்பிக்கையை ஊட்டிவிட்டு அதை நிறைவேற்றாமல் விட்ட அரசியல், சிலரிடம் ஆத்திரத்தைத்தான் மிச்சம் வைத்தது எனலாம்.

1982 ஆகஸ்டில் இலினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவரும் அவர் மனைவியும் கடத்தப்பட்டு எட்டு நாள் அடைத்துவைக்கப்பட்டனர். கடத்தியவர்கள் தம்மைக் 'கடவுளின் படை' என்று அழைத்துக்கொண்டனர். 1984-இல் பென்சகோலாவில், கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில், மூன்று இடங்களில் குண்டு வெடித்தது. இயேசுவின் பிறந்தநாள் பரிசாக அதைச் செய்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. 1985 ஜனவரி 3 அன்று ரேகன் இச்செயல்களை வன்மையாகக் கண்டித்து அறிக்கை விட்டார். கண்டனம் உண்மையானதே என்று நான் நம்புகிறேன். ஆனால் 'இது கொலை' என்று ஒரு தலைவர் பத்து முறை சொல்லிவிட்டுப் பதினோராம் முறை 'எனினும் அமைதியாக இருங்கள்' என்னும்போது, கேட்பவர்களில் எல்லோருக்கும் இரண்டு வாக்கியங்களும் ஒரே அளவில் காதில் விழுவதில்லை.

இந்த முரணைக் கூர்மையாக்கியவர் ராண்டல் டெரி. கொலை என்று நம்பினால் கொலையைத் தடுப்பவர்போல் நடந்துகொள்ளுங்கள் என்பது அவருடைய 'மீட்பு நடவடிக்கை' இயக்கத்தின் முழக்கம். நிலையங்களின் வாசலில் கூட்டமாகப் படுத்து மறிப்பது அவர்கள் வழி. 1991 கோடையில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஆறு வாரம் நடந்த மறியலில் 2,600-க்கும் மேற்பட்ட கைதுகள். மறுபுறம், வேறு சிலர் இரவில் நிலையங்களுக்குள் பியூட்டிரிக் அமிலத்தைச் செலுத்தினர். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் இந்த அமிலத்தாலேயே வருகிறது. தரைவிரிப்பிலும் சுவரிலும் ஊறிவிட்டால் கழுவியும் போகாது. நிலையங்கள் நடுவண் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்டு, கறுப்பின மக்களைக் காக்க 1871-இல் இயற்றப்பட்ட கூ கிளக்ஸ் கிளான் சட்டத்தை மேற்கோள் காட்டின. அச்சட்டம் இதற்குப் பொருந்தாது என்று 1993 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இரண்டு மாதங்களுக்குள் கன் கொல்லப்பட்டார்.

கன் இறந்ததும் பால் ஹில் என்னும் முன்னாள் போதகர் ஓர் அறிக்கை தயாரித்தார். பிறவாக் குழந்தையைக் காக்க மருத்துவரைக் கொல்வது நியாயமே என்பது அதன் சாரம். சுமார் முப்பது பேர் அதில் கையெழுத்திட்டனர். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் தோன்றி அவர் அதையே பேசினார். அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய பேச்சு குற்றமன்று. உடனடியாக ஒரு சட்டவிரோதச் செயலைத் தூண்டி, அது நடக்கவும் கூடுமானால்தான் தண்டிக்கலாம் என்று 1969-இலேயே உச்சநீதிமன்றம் வரையறுத்திருந்தது. 1994 மே 26 அன்று அதிபர் கிளின்டன், நிலைய வாயில்களைக் காக்கும் நடுவண் சட்டத்தில் கையெழுத்திட்டார். பலாத்காரத்தாலோ மிரட்டலாலோ வழிமறிப்பாலோ சிகிச்சைக்கு இடையூறு செய்வது அதன்படி நடுவண் குற்றம். வழிபாட்டு இடங்களுக்கும் அச்சட்டம் அதே பாதுகாப்பைத் தந்தது. இரண்டு மாதங்களில், ஜூலை 29 அன்று, கன்னுக்குப் பதிலாகப் பென்சகோலாவுக்கு வந்துகொண்டிருந்த 69 வயது டாக்டர் ஜான் பிரிட்டனை ஹில் சுட்டுக் கொன்றார். பிரிட்டன் குண்டு துளைக்காத மேலங்கி அணிந்திருந்தார். அது தெரிந்து தலையைக் குறிவைத்திருக்கிறார் ஹில். மருத்துவரைக் காரில் அழைத்துவந்த 74 வயது தொண்டரும், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரியுமான ஒருவர் அதே இடத்தில் மாண்டார். அவர் மனைவி காயமுற்றார். ஹில்லுக்கு 2003 செப்டம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, பாஸ்டனை ஒட்டிய புருக்லைனில், ஜான் சால்வி என்னும் இளைஞர் ஒரே காலையில் இரு நிலையங்களுக்குள் நுழைந்து சுட்டார். இறந்த இருவரும் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த பெண்கள். ஒருத்திக்கு வயது 25, மற்றவளுக்கு 38. 'மருத்துவரே குற்றவாளி' என்று தொடங்கிய தருக்கம் வரவேற்பாளர்வரை நீண்டுவிட்டது.

இதன்பின் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டத்தை அடிக்கோலால் அளக்கத் தொடங்கியது. 2000-இல் ஒரு சட்டம். போதாதென்று 2007-இல் இன்னொன்று. நிலைய வாயிலிலிருந்து 35 அடிக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் வழிப்போக்கரும் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. நடைபாதையில் வண்ணம் தீட்டி ஒரு வில்லே வரைந்துவிட்டார்கள். இத்தகைய கோடுகள் பற்றி உச்சநீதிமன்றம் பல முறை தீர்ப்பளித்தது. 1994-இல் ஃபுளோரிடாவின் 36 அடி செல்லும், 300 அடி செல்லாது என்றது. 2000-இல் கொலராடோவின் சட்டம் செல்லும் என்றது: வாயிலிலிருந்து 100 அடி வட்டத்துக்குள், இசைவின்றி ஒருவரை 8 அடிக்கு நெருங்கிப் பேசக் கூடாது. 2014-இல் மாசசூசெட்ஸின் 35 அடியை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளினர். பொதுச் சாலையில் அமைதியாகப் பேச விரும்புவோரை அது அளவுக்கு மீறி விலக்குகிறது என்பது காரணம். அந்த வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. வழக்குத் தொடுத்தவரும் கத்துபவர் அல்லர், மெதுவாகப் பேசிப் பெண்களின் மனத்தை மாற்ற முயன்ற மூதாட்டி. இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்த உச்சநீதிமன்றத்தின் சொந்த முன்றிலில் ஆர்ப்பாட்டம் செய்யச் சட்டப்படி தடை உண்டு.

சுவரொட்டிகளும் நீதிமன்றம் ஏறின. 1995 ஜனவரியில் ஓர் அமைப்பு பன்னிரண்டுக்கு மேற்பட்ட மருத்துவர்களின் பெயர், முகவரிகளைக் குற்றவாளிகள் பட்டியல்போல் அச்சிட்டு வெளியிட்டது. பின்னர் கணிப்பொறி வலையத்தில் ஒரு பட்டியல் வந்தது. பணியில் இருப்போர் பெயர் கறுப்பு எழுத்தில்; காயமுற்றோர் பெயர் சாம்பல் நிறத்தில்; கொல்லப்பட்டோர் பெயர்மீது குறுக்குக் கோடு. 1998 அக்டோபர் 23 இரவு நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்டில், டாக்டர் பார்னெட் ஸ்லெப்பியன் தம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது, வெளியே மறைந்திருந்த ஜேம்ஸ் காப் என்பவர் சன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார். உடனே பட்டியலில் அவர் பெயர்மீதும் கோடு விழுந்தது.

பட்டியலில் 'கொல்லுங்கள்' என்னும் சொல்லே இல்லை. பிறகு எப்படி அது மிரட்டல் ஆகும்? ஆரிகன் மாநிலத்தில் 1999-இல் நடந்த வழக்கில் நடுவர் குழு மருத்துவர்களின் பக்கம் தீர்த்து, 10 கோடி டாலருக்கும் மேலான இழப்பீடு விதித்தது. 2001-இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, பேச்சுரிமை என்றனர். 2002-இல் பதினொரு நீதிபதிகள் கூடி மறுபடி கேட்டார்கள். ஆறு பேர் மிரட்டல் என்றனர். ஐந்து பேர் இல்லை என்றனர். அந்த அறுவரின் தருக்கம் அறிவியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. ஒரு தாளில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் அதில் மிரட்டல் கிடையாது. ஆனால் முன்பு இத்தகைய தாள் வெளிவந்தது, அதிலிருந்தவர் கொல்லப்பட்டார். மீண்டும் வெளிவந்தது, மீண்டும் கொலை. இந்த வரிசையை அறிந்த மருத்துவர் அடுத்த தாளில் தம் பெயரைக் காணும்போது அதை எப்படிப் படிப்பார்? படிப்பவர் எப்படிப் படிப்பார் என்பது அச்சிட்டவர்களுக்கும் தெரியும். ஐவரின் மறுப்பும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அச்சிட்டவர்களே சுடப்போவதாக எங்கும் சொல்லவில்லையே என்றார்கள் அவர்கள்.

சொல் கொலைக்குக் காரணமாகுமா? ஓர் ஒப்புமை சொல்லிப் பார்க்கிறேன். கதிரியக்கப் பொருளின் ஒரு துண்டில் எந்த அணு அடுத்துச் சிதையும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால் துண்டு போதிய அளவு பெரிதாக இருந்தால் சில அணுக்கள் சிதையும் என்று உறுதியாகக் கூறலாம். மனிதன் அணு அல்லன். அவனுக்குப் பொறுப்பு உண்டு, ஆகவே ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. இலட்சக்கணக்கானோர் அதே பேச்சைக் கேட்டு, வழிபாட்டில் மண்டியிட்டு, வீட்டுக்குத்தான் போனார்கள். எனினும் சுட்டவர்கள் அனைவரும் தமக்குத் தெரியாத ஒருவரையே சுட்டார்கள். அவருடைய பெயர், முகம், பணிநேரம் ஆகியவற்றையெல்லாம் பொதுப் பேச்சுத்தான் அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

விச்சிட்டாவின் டாக்டர் ஜார்ஜ் டில்லரை எடுத்துக்கொள்வோம். தந்தை நடத்திய மருத்துவ நிலையத்தை, அவர் விமான விபத்தில் இறந்தபின் ஏற்றுக்கொண்டவர். கருவுற்ற பிற்காலத்தில், கருவுக்குக் கடுமையான குறைபாடு கண்ட நிலையில் வரும் பெண்களுக்கு நாட்டிலேயே சிகிச்சை தந்த மிகச் சிலருள் ஒருவர். 1986-இல் அவர் நிலையத்தில் குண்டு வைத்தார்கள். 1993 ஆகஸ்டில் ஷெல்லி ஷானன் என்னும் பெண் அவரை இரு கைகளிலும் சுட்டாள். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பேச்சாளர் பில் ஓரைலி பல ஆண்டுகளாக 'குழந்தைக் கொலைகாரன்' என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயரைச் சொல்வதே அரிதாயிற்று. சட்டமும் விடவில்லை. பிற்காலக் கருக்கலைப்புக்குத் தொடர்பற்ற இரண்டாம் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும் என்பது கான்சஸ் சட்டம். அந்த இரண்டாம் மருத்துவர் உண்மையில் தொடர்பற்றவர் அல்லர் என்று டில்லர்மீது 19 குற்றச்சாட்டுகள். 2009 மார்ச்சில் நடுவர் குழு எல்லாவற்றிலிருந்தும் விடுவித்தது. மே 31, ஞாயிறு, தம் லூத்தரன் திருச்சபையில் வருவோரை வரவேற்று நின்றவரை ஸ்காட் ரோடர் என்பவர் நெற்றியில் சுட்டார். விசாரணையில், பிறவாக் குழந்தைகளைக் காக்கவே கொன்றேன் என்றார் ரோடர். நடுவர்கள் முடிவு சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் 37 நிமிடம்: கொலைக் குற்றவாளி.

ஆனால் ரோடர் விரும்பியது நடந்துவிட்டது. டில்லரின் குடும்பத்தார் நிலையத்தை மூடினர். 2013 ஏப்ரல்வரை விச்சிட்டாவில் கருக்கலைப்பு நிலையமே கிடையாது. மேலும் 2011-இல் தெற்கு டகோட்டாச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது: கருவுக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காகச் செய்யும் கொலையையும் 'நியாயமான கொலை' என்னும் வகையில் சேர்ப்பது. கருவுற்ற பெண்ணைத் தாக்க வருபவனைப் பற்றியதுதான் அது என்று கொண்டுவந்தவர் விளக்கினார். எழுதப்பட்ட சொற்களோ மருத்துவருக்கும் பொருந்தின. நாடெங்கும் எதிர்ப்பு எழவே மசோதா கிடப்பில் போடப்பட்டது.

இதே காலத்தில் வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. இது சத்தமில்லாதது. டெக்சஸ் 2013-இல் இயற்றிய சட்டம், கருக்கலைப்பு மருத்துவர் 30 மைலுக்குள் உள்ள ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும், நிலையம் அறுவை மருத்துவ மையத்தின் தரத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றது. பெண்களின் நலத்துக்காகவாம். 40-க்கு மேல் இருந்த நிலையங்கள் ஏறத்தாழப் பாதியாயின. 2016-இல் உச்சநீதிமன்றம் கணக்குப் பார்த்தது: பிரசவத்தில் இறக்கும் வாய்ப்பு கருக்கலைப்பைவிட 14 மடங்கு, பெருங்குடலைக் குழலால் சோதிப்பதில் 10 மடங்கு. அவற்றுக்கெல்லாம் இந்த விதிகள் இல்லையே! சட்டம் தள்ளுபடி ஆயிற்று. மூடிய நிலையங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன.

2015 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு நிலையத்துக்குள் ராபர்ட் டியர் என்பவர் மூவரைக் கொன்றார். ஒருவர் காவல் அதிகாரி. கருவின் உறுப்புகளை விற்கிறார்கள் என்று அவ்வாண்டுக் கோடையில் பரவிய ஒளிப்படக் காட்சிகளின் சொற்களையே அவர் திருப்பிச் சொன்னார். விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. 1998-இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் எரிக் ருடால்ஃப் வைத்த குண்டுக்குப் பலியான காவலரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1993 முதல் கொல்லப்பட்டோர் 11 பேர். அவர்களில் மருத்துவர்கள் நால்வரே. எஞ்சிய எழுவர் காவலர், தொண்டர், வரவேற்பாளர், வந்திருந்தவர்.

பாஸ்டனுக்கு ஒருமுறை திரும்பிச் செல்வோம், ஏனெனில் அங்கே வேறொன்றும் நடந்தது. புருக்லைன் கொலைகளுக்குப்பின் கத்தோலிக்கக் கர்தினால் பெர்னார்டு லா நிலையங்களின்முன் ஆர்ப்பாட்டத்தை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார். 1995-இல் இரு தரப்பிலும் தலைமை வகித்த பெண்கள் மும்மூவர் இரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினர். முதலில் தகராறு எதில் தெரியுமா? பெயரில். கருப்பையில் வளர்வதைப் 'பிறவாக் குழந்தை' என்று சொல்ல ஒரு தரப்பு சம்மதிக்கவில்லை. வெறுமே 'கரு' என்று சொல்ல மற்றத் தரப்பு சம்மதிக்கவில்லை. கடைசியில் 'மனிதக் கரு' என்று அரைமனத்தோடு ஒப்பினார்கள். ஐந்தரை ஆண்டுகள் சந்தித்தார்கள். 2001 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழில் அறுவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் உலகுக்கு இது தெரிந்தது. யாரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; இன்னும் உறுதிப்பட்டதாகவே எழுதினார்கள். ஆனால் மேடையில் தாம் ஆளும் சொற்களைக் குறைத்துக்கொண்டார்கள். சால்வியை ஆதரிக்க வெளிமாநிலத்திலிருந்து ஒருவர் பாஸ்டனுக்கு வரப்போவதாக அறிந்ததும், கருக்கலைப்பை எதிர்த்த பெண்களே அவரை வரவேண்டாம் என்று எழுதித் தடுத்தார்கள்.

நாட்டின் அரசியலில் அப்படி நடக்கவில்லை. 2016 மார்ச்சில் வேட்பாளர் டொனால்டு டிரம்ப், தடை வந்தால் பெண்ணுக்கும் ஏதேனும் தண்டனை இருக்கவேண்டும் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகளே கண்டித்தன. அன்று மாலைக்குள் அவர் திருத்திக்கொண்டார்: தண்டனை மருத்துவருக்கு, பெண்ணுக்கல்ல. 1821-லிருந்து வரும் மரபு அது. 2022 ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றம் ரோ தீர்ப்பை நீக்கியதும், பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தடைகள் நடைமுறைக்கு வந்தன. அலபாமாவில் மருத்துவருக்கு 10 முதல் 99 ஆண்டுச் சிறை, டெக்சஸில் ஆயுள்வரை. இரண்டிலும் பெண்ணுக்குத் தண்டனை இல்லை. அவ்வாண்டு கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் நடத்தும் ஆலோசனை நிலையங்கள் சிலவும் தாக்கப்பட்டன, தீயும் வைக்கப்பட்டது. 1994-இன் வாயில் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்பதால் அச்சட்டப்படியே ஃபுளோரிடாவில் வழக்குத் தொடரப்பட்டது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப், அதே சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்ட கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் 23 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். இனி அசாதாரணமான சூழ்நிலையில் மட்டுமே அச்சட்டத்தைப் பயன்படுத்தவேண்டும் என்று நீதித்துறை அறிவுறுத்தியது.

வாசலே வேண்டாத மருத்துவமும் வந்துவிட்டது. 2000-இல் அமெரிக்க அரசு அனுமதித்த மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை இப்போது தொலைவிலிருந்தே எழுதிக்கொடுத்து அஞ்சலில் அனுப்புகிறார்கள். உடனே 1873-இன் காம்ஸ்டாக் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கவேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிடத் தொடங்கினர். கருக்கலைப்புப் பகுதி ஏட்டிலிருந்து நீக்கப்படவே இல்லை. 2025 ஜனவரி இறுதியில், மாத்திரை அனுப்பியதற்காக நியூயார்க் மருத்துவர் ஒருவர்மீது லூசியானா மாநிலம் குற்ற வழக்குப் பதிவு செய்தது. அவரை ஒப்படைக்க நியூயார்க் ஆளுநர் மறுத்துவிட்டார். லூசியானா அதிகாரிகளுக்கு அவருடைய பெயர் மாத்திரைப் புட்டியின் வில்லையிலிருந்தே கிடைத்திருந்தது. சில நாள்களில், பிப்ரவரி 3 அன்று, நியூயார்க்கில் ஒரு சிறிய சட்டம் நிறைவேறியது. மருத்துவர் விரும்பினால் வில்லையில் தம் பெயரை விட்டுவிட்டு நிலையத்தின் பெயரை மட்டும் அச்சிடச் சொல்லலாம்.